ஐயய்யோ டீச்சர் நடந்து காட்டிய வழி

தேனி மாவட்டத்தில் இதுவரை பிறந்தவர்களிலேயே அதிகம் பயந்தவர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், ஐயய்யோ டீச்சர் அதில் கலந்துகொள்ளவே மாட்டார். மேடையைப் பார்த்துப் பயந்து வீட்டிலேயே இருந்துவிடுவார். பரிசை வீடு தேடிக் கொண்டுபோய்த்தான் கொடுக்க வேண்டும். இரண்டாவதாக வந்தவர்கூட அதற்கு ஆட்சேபம் சொல்ல மாட்டார்.

வருகைப் பதிவேட்டில் அவருக்கு லட்சணமான ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் மலையில் யாருக்கும் தெரியாது. 'ஐயய்யோ' சேர்க்காமல் அவரால் ஒரு வாக்கியத்தைத் தொடங்க முடியாது. "ஐயய்யோ, மணி ஒம்பது ஆயிருச்சா?" என்பார். ஆகவில்லை என்றால், "ஐயய்யோ, இன்னும் ஆகலயா?" என்பார். அதனால் பிள்ளைகள், பெற்றோர்கள், ஜீப் டிரைவர்கள் எல்லோருக்கும் அவர் ஐயய்யோ டீச்சர்தான். அவருக்கும் அது தெரியும். யாராவது அப்படிக் கூப்பிட்டால், "ஐயய்யோ, என்னாப்பா?" என்றுதான் திரும்பிப் பார்ப்பார்.

நான் சிலமலைக்காரன். சமவெளிப் பள்ளிகளிலேயே பாதிக் காலத்தை ஓட்டியவன். ஆசிரியர் மாறுதல் கலந்தாய்வு ஒன்றில் என் முறை வந்தபோது பட்டியலில் மிச்சமிருந்தது ஒரே ஊர்தான். சாரல்பாறை. எங்கே இருக்கிறது என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டேன். அவர் பேசாமல் விரலை மேலே காட்டினார். கடவுளிடம் வேண்டிக்கொள்ளச் சொல்கிறார் என்று நினைத்துக் கும்பிட்டேன். மனுஷர் மலையைத்தான் காட்டியிருக்கிறார்.

போடியிலிருந்து காலை ஏழு மணிக்கு ஏலத் தோட்டத்துக்கு வேலையாட்களை ஏற்றிப் போகும் ஜீப்பில்தான் போக வேண்டும். எட்டுப் பேர் உட்கார வேண்டிய வண்டியில் பதினாறு பேர். என் பக்கத்தில் முப்பத்தெட்டு, நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதல் வளைவில் என் முழங்கையைப் பிடித்தவர், பதினோராவது வளைவில்தான் விட்டார். நான் யாரென்று அவருக்குத் தெரியாது. அவர் யாரென்று எனக்கும் தெரியாது.

"ஐயய்யோ, சேகரண்ணே! மெதுவாப் போங்கண்ணே."

"டீச்சர், வண்டி நின்னுக்கிட்டு இருக்கு. குறுக்க மாடு நிக்கிது" என்றார் டிரைவர் சேகர்.

கண்ணைத் திறக்காமலே அந்த அம்மா சொன்னார்: "அப்ப மெதுவா நில்லுங்கண்ணே."

இறங்கியதும்தான் தெரிந்தது, அவர் தலைமையாசிரியர், நான் அவர் பள்ளியின் உதவி ஆசிரியர் என்று. என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஐயய்யோ, நீங்கதான் புது சாரா? வந்துட்டீகளா?" என்றார். முகம் மலர்ந்தது. மறு நிமிடமே சுருங்கியது. "ஐயய்யோ, போயிற மாட்டீகளே?"

எனக்கு முன்னால் வந்தவர் பதினொரு நாள் இருந்தாராம். அதற்கு முந்தியவர் ஜீப்பிலிருந்தே இறங்கவில்லையாம்.

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. இரண்டு அறை, ஐந்து வகுப்பு, பதினேழு பிள்ளைகள். எல்லாரும் தோட்ட வேலைக்காரர்களின் பிள்ளைகள். அப்பா, அம்மா விடியும் முன்பே ஏலத் தோட்டத்துக்கும் காப்பித் தோட்டத்துக்கும் போய்விடுவார்கள். சிலருடைய அப்பாக்கள் எல்லை தாண்டி இடுக்கிப் பக்கம் வேலைக்குப் போய் வாரக் கடைசியில் வருவார்கள். அந்தப் பிள்ளைகளை ஐயய்யோ டீச்சர் கண்ணாடிச் சாமான் மாதிரிப் பார்த்துக்கொண்டார். பிள்ளைகள் விளையாடினால் பயம். விளையாடாமல் உட்கார்ந்திருந்தால் அதைவிடப் பயம். உடனே நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்.

சத்துணவில் முட்டை போடும் நாட்களில் சமையல் செய்யும் பேச்சியம்மா கோபத்திலேயே இருப்பார். ஒவ்வொரு முட்டையையும் தண்ணீரில் போட்டு, முங்குகிறதா, மிதக்கிறதா என்று டீச்சர் பார்த்த பிறகுதான் அடுப்பில் வைக்கலாம்.

"ஆத்தா, கோழிகூட இம்புட்டு நேரம் முட்டையப் பாத்திருக்காது" என்பார் பேச்சியம்மா. "எனக்கு வேற சோலி இல்லயா?"

"ஐயய்யோ, கோழிக்கு என்னாக்கா, அது ஆபீசுக்குப் பதில் சொல்லணுமா?"

வருகைப் பதிவைச் செல்போனில் ஏற்ற வேண்டும் என்று உத்தரவு வந்ததும் டீச்சருக்குப் புதிதாக ஒரு பயம் வந்து சேர்ந்தது. பள்ளியில் சிக்னல் கிடையாது. பின்னாலிருக்கும் ஆள் உயரப் பாறையில் ஏறி, கையை வானத்துக்குத் தூக்கினால் ஒரு கோடு வரும். ஏறுவதற்குப் பயம், இறங்குவதற்குப் பயம், ஏற்றாமல் விட்டால் ஆபீசிலிருந்து போன் வருமே என்று பயம். சிக்னல் இல்லாத ஊருக்கு எப்படிப் போன் வரும் என்று நான் ஒரு நாள் கேட்டேன். "ஐயய்யோ, வராமப் போயிட்டா அதுக்கும் வெளக்கம் கேப்பாகளே சார்!" என்றார். நான் ஏறுகிறேன் என்றாலும் விட மாட்டார். தினமும் காலையில் ஒரு மகானைப் போலக் கையைத் தூக்கிக்கொண்டு அவர் பாறையில் நிற்பதைப் பார்த்து, புதிதாக வேலைக்கு வந்த ஒரு அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் எல்லாவற்றையும் மிஞ்சியது சுவர். ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகள் உட்காரும் அறையில் ஒரு விரிசல் இருந்தது. எல்லாப் பள்ளிகளிலும் இருக்கும் சாதாரண விரிசல். டீச்சர் திங்கட்கிழமைதோறும் ஸ்கேலோடு வந்து அது எதுவரை போயிருக்கிறது என்று பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுவார். அதே சுவரில்தான் பிள்ளைகளின் உயரத்தையும் குறித்து வைத்திருந்தார். அந்த வருடம் பள்ளியிலேயே நன்றாக வளர்ந்தது விரிசல்தான்.

அதை ஆபீசுக்கு எழுதினார். பதில் இல்லை. மறுபடி எழுதினார். அதற்குள் பிள்ளைகளை எல்லாம் மறு அறைக்கு மாற்றி, ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் வைத்துவிட்டார். நான் ஒரு மூலையில் பின்னக் கணக்கு நடத்துவேன். அவர் மறு மூலையில் 'அ'னா, 'ஆ'வன்னா. என் பிள்ளைகள் மூன்றில் ஒரு பங்கு எவ்வளவு என்று கேட்டால் 'இ'னா என்று பதில் சொன்னார்கள்.

"டீச்சர், அது ஒண்ணும் விழுகாது. நீங்க ரொம்பத்தான் பயப்படுறீக" என்று ஒரு நாள் எரிச்சலில் சொல்லிவிட்டேன்.

அவர் ஆறாவது கடிதம் எழுதப் போய்விட்டார்.

ஒரு வழியாகப் பழுது பார்க்க ஆள் வந்தது. வந்த கொத்தனார் சிரித்துக்கொண்டே, "இதுக்குத்தான் இம்புட்டுக் கடுதாசியா டீச்சர்?" என்று கேட்டபடி சுவரில் சாய்ந்து நின்றார். சுவர் அவரோடு சேர்ந்து சாய்ந்தது. மனுஷர் எப்படிக் குதித்தார் என்று அவருக்கே தெரியாது. முதல் வகுப்புப் பிள்ளைகள் முன்பு உட்கார்ந்திருந்த இடம் முழுக்கச் செங்கல். அதற்குப் பிறகு, டீச்சர் எதற்குப் பயந்தாலும் நான் சிரிப்பதை நிறுத்திவிட்டேன்.

புதுச் சுவருக்குச் சுண்ணாம்பு காய்வதற்குள் அந்தக் கடிதம் வந்தது.

பிள்ளைகள் குறைவாக இருப்பதால் சாரல்பாறைப் பள்ளியை அடிவாரத்திலிருக்கும் பள்ளியோடு இணைப்பது குறித்துப் பரிசீலிக்கப்படுகிறது. இரண்டுக்கும் நடுவில் தூரம் ஒன்றரைக் கிலோமீட்டர். பிள்ளைகளுக்குப் போக்குவரத்துப் படி வழங்கப்படும். அடுத்த புதன்கிழமை அலுவலர் நேரில் வந்து பார்வையிடுவார்.

நான் படித்து முடித்துவிட்டு, 'ஐயய்யோ'வுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. டீச்சர் கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார். அன்று முழுவதும் அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வரவே இல்லை. ஒரு பிள்ளை பெஞ்சிலிருந்து விழுந்தது. தூக்கி நிறுத்தினார், அவ்வளவுதான். மத்தியானம் பேச்சியம்மா என்னிடம் வந்து ரகசியமாகக் கேட்டார்: "சார், டீச்சரம்மாவுக்கு என்னாச்சு? முட்டையக்கூடப் பாக்கல. எனக்குப் பயமா இருக்கு."

எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

சாயங்காலம் பெற்றோர்கள் சிலர் வந்தார்கள். யாரோ சொல்லி விஷயம் பரவியிருந்தது. நாலாம் வகுப்பு முத்துமாரியின் அம்மா வேலை முடிந்து நேராக வந்திருந்தார். விரல்களில் ஏலக்காய்க் கறை.

"என்னா டீச்சர், பள்ளிக்கூடத்த மூடப் போறாகளாம்ல?"

"மூடல முத்துமாரியம்மா. கீழ சேக்கப் போறாகளாம்."

"ரெண்டும் ஒண்ணுதான? அந்தக் காட்டு வழியில பொட்டப் புள்ளய எப்பிடி அனுப்புறது? மாட்டேன் டீச்சர். எங்கூடக் காய் பறிக்கக் கூட்டிட்டுப் போறேன். என் கண்ணு முன்னாடியாச்சும் கெடக்கும்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. சமையலுக்கு விறகு இல்லை என்று சொல்வதுபோலச் சாதாரணமாகத்தான் சொன்னார். முத்துமாரி அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பள்ளியிலேயே வாய்ப்பாடு பதினாறு வரை தலைகீழாகச் சொல்லக்கூடியவள் அவள் ஒருத்திதான். டீச்சர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் டீச்சர் மத்தியானத்துக்கு மேல் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். அலுவலர் வருகிற வாரத்தில் விடுப்பா? வேறு பள்ளிக்கு மாற்றல் கேட்டு யாரையாவது பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்த யோசனை இருந்தது. பள்ளியை மூடினால் எனக்குச் சமவெளியில் எங்கேயாவது இடம் கிடைக்கும். ராத்திரி படுத்தால் அந்த நினைப்பு சந்தோஷமாகத்தான் வந்தது. அதன் பின்னாலேயே முத்துமாரியின் முகமும் வந்து நின்றது.

புதன்கிழமை அலுவலர் வந்தார். கூடவே ஆசிரியர் பயிற்றுநர் அம்மா ஒருவர். அலுவலர் நல்ல மனிதர்தான். பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டார், தட்டிக் கொடுத்தார். பிறகு மேஜையில் வரைபடத்தை விரித்தார்.

"இந்தா பாருங்கம்மா, இது உங்க ஸ்கூல், இது கீழ் ஸ்கூல். ஒன்றரைக் கிலோமீட்டர்தான். கீழ அஞ்சு வாத்தியார் இருக்காங்க. ஒரு வகுப்புக்கு ஒருத்தர். பிள்ளைங்களுக்கு அதுதானே நல்லது?"

அவர் சொன்னதில் தப்பு இல்லை. அதுதான் பயமாக இருந்தது. டீச்சர் டீ டம்ளரை அவரிடம் நீட்டினார். டம்ளர் தட்டில் கிடுகிடுவென்று ஆடியது. பாதி டீ வரைபடத்தில் கொட்டி, சரியாகச் சாரல்பாறையை மூழ்கடித்தது.

"ஐயா..." என்றார் டீச்சர். முந்தானையால் டீயைத் துடைத்தார். இன்னொரு தடவை, "ஐயா, நீங்க ஒருவாட்டி அந்த வழியா நடந்து போய்ப் பாக்கணும்."

"ஜீப் இருக்கேம்மா?"

"புள்ளைகளுக்கு ஜீப்பு இல்லையேங்கய்யா. இந்த ஜீப்பு ரோடு போடிக்குப் போகுது. கீழ்ப் பள்ளிக்கொடம் அந்தப் பக்கம். நடந்துதான் போகணும்."

அலுவலர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றரைக் கிலோமீட்டர்தானே என்ற தைரியம் அவர் முகத்தில் தெரிந்தது. "சரி, வாங்க. பிள்ளைங்கள்ல ரெண்டு பேரைக் கூடக் கூட்டிக்குவோம். அவங்க எப்படி நடக்கிறாங்கன்னு பார்க்கலாம்."

அப்போதுதான் அது வந்தது. இத்தனை நாள் அடைத்து வைத்திருந்தது எல்லாம் சேர்ந்து வந்ததுபோல. "ஐயய்யோ! புள்ளைகளயா? அந்த வழியிலயா? மாட்டேன் ஐயா! நீங்க என்ன நடவடிக்கை எடுத்தாலும் சரி, நான் கூட்டிட்டு வர மாட்டேன்!"

பிள்ளைகள் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். தான் அதிகாரியிடம் கத்திவிட்டோம் என்று புரிந்து டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். அலுவலர் வரைபடத்தை மடித்துக்கொண்டு, "சரிம்மா. நாம மட்டும் போவோம்" என்றார்.

பயிற்றுநர் அம்மாவிடம் பிள்ளைகளை ஒப்படைத்தோம். யார் யார் வெளியே போகக் கேட்டால் உண்மை, யார் கேட்டால் பொய் என்பது வரைக்கும் டீச்சர் அவருக்குச் சொல்லி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. அலுவலரின் ஜீப் போடி வழியாகச் சுற்றிக்கொண்டு கீழ்ப் பள்ளிக்குப் போனது. நாங்கள் மூன்று பேரும் காப்பித் தோட்டத்துக்குள் இறங்கினோம்.

முதல் அரை மணி நேரம் அலுவலர் ஜோக் சொன்னார். அதன் பிறகு மூச்சு வாங்கியதால் நிறுத்திவிட்டார். வரைபடத்தில் நேர்கோடாக இருந்த வழி, தரையில் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போனது. ஒன்றரைக் கிலோமீட்டர் எப்போதோ முடிந்துவிட்டது. கீழ்ப் பள்ளி கண்ணிலேயே படவில்லை.

டீச்சர் முன்னால் போனார். அவர் நடந்த விதம்தான் எனக்கு விளங்கவில்லை. "இந்தக் கல்லுல கால் வைக்காதீங்கய்யா, ஆடும்." ஆடியது. "இந்த ஓடையில இப்ப முழங்கால் தண்ணி. மேல மழை பேஞ்சா இடுப்புக்கு வந்துரும். ஒண்ணாப்புப் புள்ளைகளுக்கு அது தலைக்கு மேல." "இங்க அட்டை அதிகம், நிக்காம வாங்க." புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் நடுங்கிக்கொண்டு, ஆனால் ஒரு அடிகூடத் தவறாமல் போய்க்கொண்டிருந்தார்.

மூங்கில் காட்டுக்குள் நுழையும்போது மேகம் இறங்கிவிட்டது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. பாதையின் நடுவில் சாணம் கிடந்தது. ஒரு கூடை அளவு. ஆவி பறந்தது.

"மாட்டுச் சாணமா?" என்றார் அலுவலர்.

டீச்சர் நின்றுவிட்டார்.

எங்கோ மூங்கில் முறிந்தது. துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். அப்புறம் இன்னொன்று, இன்னும் பக்கத்தில். அதன் பிறகு ஒரு மூச்சு. மனுஷ மூச்சு இல்லை. பெரிய துருத்தி ஒன்றை யாரோ மெதுவாக அமுக்கி விடுவதுபோல. புகை மாதிரி இருந்த மேகத்துக்குள் ஒரு கறுப்பு அசைந்தது. பாறை என்று நினைத்தேன். பாறைக்குக் காது இருந்தது.

பல்லியைப் பார்த்தால் ஊரைக் கூட்டும் ஐயய்யோ டீச்சர், அந்த இடத்தில் ஒரு சத்தம் போடவில்லை. ஒரு கையால் அலுவலரின் மணிக்கட்டையும் மறு கையால் என் சட்டையையும் பிடித்தார். பின்பக்கமாகவே ஓரடி, ஓரடியாக எங்களை இழுத்துக்கொண்டு போனார். பாதைக்கு மேலே, இரண்டு பாறைகளுக்கு நடுவில் ஓர் இடுக்கு இருந்தது. முதலில் அலுவலரைத் தள்ளினார். அப்புறம் என்னை. கடைசியில் வாசலை அடைத்த மாதிரி அவர் நின்றுகொண்டார்.

யானைகள் வந்தன. முதலில் பெரியது ஒன்று. அதன் வயிற்றுக்கு அடியில் குட்டி. பின்னால் இன்னும் எத்தனை என்று நான் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டேன். வாடை மட்டும் வந்தது. தும்மல் வந்துவிடுமோ என்று மூக்கைப் பிடித்துக்கொண்டேன். என் கால் வழியாக அட்டைகள் ஏறிக்கொண்டிருந்தன. ஒன்று, இரண்டு, ஐந்து. தட்டிவிடக் கை வரவில்லை. அலுவலரின் பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் என் காதில் விழுந்தது. யானைக்கும் விழுந்துவிடுமே என்று அவர் கைக்குட்டையைச் சுருட்டிக் கடித்துக்கொண்டார். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து நான் திட்டிக்கொண்டிருந்த சிக்னல் இல்லாத மலையை அன்றைக்குத்தான் மனதாரக் கும்பிட்டேன். அவருடைய போன் மட்டும் அடித்திருந்தால் இதை எழுத நான் இல்லை.

எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. குட்டி ஒரு மூங்கிலைப் பிடித்து விளையாடியது. தாய் அதற்காகக் காத்திருந்தது. நாங்களும் காத்திருந்தோம். பிறகு முறியும் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போனது.

காடு முழுசாக அமைதியான பிறகும் டீச்சர் நகரவில்லை. நெடுநேரம் கழித்து, அப்படியே பாறையில் சறுக்கி உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான், பூனைக்குட்டி கத்துவதுபோல, மெல்ல ஒரு குரல் வந்தது.

"ஐயய்யோ..."

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணில் தண்ணீரும் வந்தது. அலுவலர் கைக்குட்டையை வாயிலிருந்து எடுத்தார்.

"இந்த இடுக்கு இங்க இருக்குன்னு உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"முந்தாநேத்தும் நேத்தும் இந்த வழியா நடந்து பாத்தேங்கய்யா" என்றார் டீச்சர். "புள்ளைகளால முடியுமா, முடியாதான்னு தெரியாம நான் எப்படி உங்ககிட்டப் பேசுறது? நேத்து இதே எடத்துலதான் வந்துச்சு. இதுக்குள்ளதான் நின்னேன். தனியா."

நான் அவரைப் பார்த்தேன். மாற்றல் கேட்கப் போயிருக்கிறார் என்று நினைத்தேனே, அந்த இரண்டு மத்தியானமும் அவர் இங்கே நடந்திருக்கிறார். நேற்று யானையைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு மறுபடியும் வந்திருக்கிறார்.

"முந்தியே சொல்லியிருக்கலாமேம்மா?"

"ஐயய்யோ, சொன்னா நம்புவீங்களாங்கய்யா? எல்லாரும் சொல்வாகளே, அந்த டீச்சர் எல்லாத்துக்கும் பயப்படும்னு."

அலுவலர் தலையைக் குனிந்துகொண்டு காலிலிருந்து அட்டையைப் பிய்க்க ஆரம்பித்தார்.

கீழ்ப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே மத்தியானச் சாப்பாடு முடிந்துவிட்டது. அலுவலர் ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். காலணியில் ஒன்று ஓடையோடு போயிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து மலையை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரு பிள்ளை தினமும் இப்படி வரணும்னா எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்று கேட்டார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. பிறகு டீச்சர் பக்கம் திரும்பினார். "நான் எழுதுறேன்மா. நான் பார்த்ததை அப்படியே எழுதுறேன். மேல என்ன முடிவு எடுப்பாங்கன்னு எனக்கும் தெரியாது."

டீச்சர் எழுந்து நின்றார். "ஐயய்யோ, அப்படியே இன்னொண்ணும் எழுதுவீங்களாய்யா?"

"சொல்லுங்க."

"கீழ ஒரு வகுப்புக்கு ஒரு வாத்தியார்னு சொன்னீங்கள்ல? அது எங்க புள்ளைகளுக்கும் வேணும்ங்கய்யா. அஞ்சு பேரு கேக்கல. இன்னும் ஒருத்தரு போதும். சார் மீட்டிங்குக்குப் போயிட்டா நான் ஒத்த ஆளு. அஞ்சு வகுப்பு. அன்னிக்கெல்லாம் பாடம் இல்ல, காவல்தான். மலையில பொறந்துட்டாகங்கிறதுக்காக அந்தப் புள்ளைக வருசம் முழுக்கக் காவல்ல இருக்கணுமா? அப்பறம், அந்தப் பயிற்றுநர் அம்மா வருசத்துக்கு ஒருக்க வந்து தப்பு எழுதிட்டுப் போறதுக்குப் பதிலா, மாசம் ஒருக்க வந்து எப்படி நடத்துறதுன்னு சொல்லிக் குடுத்தாகன்னா..."

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அலுவலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நீங்க ரொம்பப் பயந்தவங்கன்னு சொன்னாங்களேம்மா?"

"ஆமாங்கய்யா" என்றார் டீச்சர், அழுதுகொண்டே. "இப்பக்கூட வயித்தக் கலக்குது."

பதில் வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. அந்த நாட்களை நான் மறக்க மாட்டேன். தோட்டத்து ஜீப் சத்தம் கேட்டாலே இருவருக்கும் சாக்பீஸ் அப்படியே நின்றுவிடும். முத்துமாரியின் அம்மா தினமும் வேலைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்து, "இன்னிக்கும் இருக்குல்ல டீச்சர்?" என்று கேட்டுவிட்டுப் போவார். பள்ளிக்கூடத்தையே ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருக்கிற மாதிரி இருந்தது.

வந்த உத்தரவை டீச்சர் பிரிக்கவே இல்லை. என்னிடம் கொடுத்துவிட்டு முதுகைத் திருப்பி நின்றுகொண்டார். நான் படித்தேன். பாதையின் தன்மையைக் கருதிச் சாரல்பாறைப் பள்ளி இப்போதைக்கு அங்கேயே தொடரும். பள்ளி மேலாண்மைக் குழு வழியாக ஒரு தற்காலிக ஆசிரியரை வைத்துக்கொள்ளலாம். பயிற்றுநர் மாதம் ஒரு முறை வருவார்.

"இப்போதைக்கா?" என்றார் டீச்சர் முதுகைத் திருப்பியபடியே. "ஐயய்யோ, அப்ப அடுத்த வருசம்?"

அடுத்த வருடம் போடியிலிருந்து ஒரு பெண் தற்காலிக ஆசிரியராக வந்தார். பயிற்றுநர் அம்மா சொன்னபடி எல்லா மாதமும் வரவில்லை. வந்த மாதங்களில் உண்மையாகவே உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். யானைக்காகப் பள்ளியைச் சுற்றிப் போடச் சொல்லி டீச்சர் எழுதிக் கேட்ட வேலி இன்னும் வரவில்லை. முத்துமாரி ஐந்தாம் வகுப்பை முடித்துப் போடியில் விடுதியில் சேர்ந்து படித்தாள். சேர்த்துவிட டீச்சர்தான் போனார். விடுதி மாடிப்படியின் கைப்பிடியை ஆட்டிப் பார்த்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்ததாகக் கேள்வி.

இரண்டு வருடம் கழித்து மாறுதல் கலந்தாய்வு வந்தது. நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். டீச்சரின் முறை வந்தது. பட்டியலில் போடி டவுனுக்குள்ளேயே ஒரு இடம் இருந்தது. அவர் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். ஜீப் இல்லை, அட்டை இல்லை, யானை இல்லை. அவர் எழுந்தார், திரையைப் பார்த்தார், "எனக்கு வேணாங்கய்யா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"என்னா டீச்சர் இது? இதுக்குத்தான இத்தன வருசம் காத்திருந்தீக?"

"ஐயய்யோ, புதுசா ஒருத்தர் வந்தா பாவம்ல சார்? ஒவ்வொண்ணுக்கா மொதல்லேருந்து பயந்து பழகணும். எனக்குன்னா எல்லாத்துக்கும் பயந்து முடிஞ்சிருச்சு."

அடுத்தது என் பெயர். எனக்குச் சிலமலைக்குப் பக்கத்திலேயே கிடைத்தது. நான் எடுத்துக்கொண்டேன். டீச்சர் கையைப் பிடித்து வாழ்த்துச் சொன்னபோது அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

இப்போது என் வகுப்பு ஜன்னலிலிருந்து பார்த்தால் மலை தெரியும். சில நாட்களில் மத்தியானத்துக்கு மேல் அங்கே மேகம் கறுத்துக்கொண்டு வரும். அன்றைக்கெல்லாம் எனக்கு வேலை ஓடாது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் போன் போட்டு, "டீச்சர், வீடு வந்து சேந்துட்டீகளா?" என்று கேட்பேன். "ஐயய்யோ, வந்துட்டேன் சார்" என்று அந்தப் பக்கமிருந்து குரல் வந்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும்.